கொல்லன் என்னும் குடிப்பெயர்

ஆங்கில நூல்களைப் பயிலுந்தோறும் எம் கண்முன் அடிக்கடி வந்து நிற்கும் பெயர் ஒன்றுண்டு. பொருளாதார நூலை எடுப்பின் அங்கே ஆடம் ஸ்மித். நிலநூலை எடுப்பின் வில்லியம் ஸ்மித். அமெரிக்கக் குடியேற்ற வரலாற்றைப் புரட்டின் வர்ஜீனியாவிற் குடியேறிய காப்டன் ஜான் ஸ்மித். இங்ஙனம் எப்பக்கம் நோக்கினும் இப்பெயர் எதிர்ப்படுதலின், "இஃதென்ன, ஊரார் எல்லார்க்கும் உரிய பெயராயிருக்கின்றதே!" என்று மாணவர் நகைப்பதை யாம் கேட்டதுண்டு. ஆங்கிலேயருள்ளும் இப்பெயரைத் தனிச்சிறப்பற்றதென எண்ணி நாணினோர் பலர். அதன் எழுத்தை மாற்றி எழுதி அழகு செய்துகொண்டோரும், அதனை முற்றிலும் துறந்து வேறொரு பெயரைப் பூண்டோரும் அவருட் சிலர்.

யாமோ ஸ்மித் என்னும் பெயரினும் கேட்கத்தக்க கதையுடைய ஆங்கிலப் பெயர் அரிதென்று கருதுகின்றோம். அக்கதையைச் சுருங்கக் கூறி, ஒருவர் பெயரைக்கொண்டு அவர்தம் பிறப்பையும் தரத்தையும் அளக்க முற்படுதல் எத்துணைப் பேதைமையென்பதை எடுத்துக்காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கம். தனிப்பெயரைத் தொடர்ந்து நின்று, தந்தையிடமிருந்து மக்கட்கு இறங்கிவரும் பெயரை ஈண்டுக் குடிப்பெயர் என்று வழங்குவோம்.

ஆங்கிலேயர்க்குத் தொன்றுதொட்டே குடிப்பெயர் இருந்து வந்ததென எண்ணுவது பிழை. ஆங்கிலோ-சாக்சனியர் காலத்தில் ஆல்பிரட், எட்கார், காட்வின் என ஒருவர்க்கு ஒரு பெயரே வழங்கிற்று. அஃது அவரோடு பிறந்து அவரோடே மடிந்தது. 1066-ஆம் ஆண்டில் நார்மண்டி நாட்டு வில்லியம் இங்கிலாந்தை வென்று அரசு கட்டிலேறிய பின்னர், பழைய பெயர்கள் மெல்ல மறைந்தன. வென்றோர் கொணர்ந்த வில்லியம், ராபர்ட், ரிச்சர்டு முதலிய பெயர்களையும், ஜான், தாமஸ் முதலிய திருமறைப் பெயர்களையுமே மக்கள் தம் பிள்ளைகட்கு இடலாயினர். பதினான்காம் நூற்றாண்டளவில் இவ்வைந்து பெயர்களுள் ஒன்றே ஆடவருட் பெரும்பாலார்க்கு வாய்த்தது. ஓரூரில் ஜான் என்பார் பதின்மர் இருப்பின், எந்த ஜான் கடன்பட்டான், எந்த ஜான் வரி செலுத்தினான் என்று தெரிந்துகொள்வது எவ்வாறு? ஆகவே அயலார் ஒவ்வொருவர்க்கும் ஓர் அடையாளம் வைத்து அழைத்தனர்.

அவ்வடையாளங்கள் நால்வகைப்பட்டன. குன்றின் அருகே வாழ்ந்தவன் ஹில் ஆனான். காட்டோரத்தில் இருந்தவன் வுட் ஆனான். இவை இடத்தாற் பெற்றவை. ஜானின் மகன் ஜான்சன், ரிச்சர்டின் மகன் ரிச்சர்ட்சன். இவை தந்தையாற் பெற்றவை. மேனி நிறத்தாலும் மயிர் நிறத்தாலும் வொயிட், பிரௌன் எனவும், உடல் வலிமையால் ஆர்ம்ஸ்டிராங் எனவும் பெற்றவை மூன்றாம் வகை. மாவரைப்பவன் மில்லர், துணி தைப்பவன் டெய்லர், மிடா செய்பவன் கூப்பர், அம்பு செய்பவன் பிளெட்சர் எனத் தொழிலாற் பெற்றவை நான்காம் வகை. இந்நான்காம் வகைக்குத் தலைமை தாங்குவதே ஸ்மித் என்னும் பெயர். பழைய ஆங்கிலத்தில் அச்சொல்லுக்கு உலோகத்தைக் காய்ச்சி அடித்து வேலை செய்பவன் என்பது பொருள். தமிழில் அவனைக் கொல்லன் என்போம். 'அடித்தல்' என்னும் பொருளுடைய வேறோர் ஆங்கில வினையினின்று இச்சொல் பிறந்ததெனச் சிலர் கூறுவர். அவ்விரண்டற்கும் ஓசையொப்புமையன்றி வேறு உறவு இல்லை.

இனி, இப்பெயர் இத்துணைப் பெருகியதன் காரணம் யாது? கொல்லர் தொகை மிகுதியாயிருந்தமையால் என்று விரைந்து விடை கூறத் தோன்றும். உண்மை அதற்கு மாறானது. இடைக்காலத்து ஆங்கிலச் சிற்றூரில் உழவர் பலர். கொல்லன் பெரும்பாலும் ஒருவனே. உழவர் பலராதலின் 'உழவன் ஜான்' என்று கூறின் இன்னானென்று அறிய முடியாது. 'கொல்லன் ஜான்' என்றாலோ ஊரார்க்கு ஐயமே இல்லை. அவன் ஒருவனே ஏருக்குக் கொழுவும், குதிரைக்கு லாடமும், கதவிற்குக் கீலும், அறுவடைக்கு அரிவாளும், போருக்கு வேல்முனையும் செய்து கொடுத்தவன். அவன் பட்டறையில் துருத்தி நின்றால் ஊரில் ஏர் நிற்கும். எனவே அவனைக் குறிக்க அவன் தொழிற்பெயரினும் ஏற்ற அடையாளம் வேறில்லையாயிற்று. ஓரூரில் ஒருவனாய் இருந்தமையின் அவன் அப்பெயர் பெற்றான். ஊர்கள் ஆயிரக்கணக்கானவை ஆதலின் அப்பெயர் நாடெங்கும் பரந்தது. இங்கிலாந்து, வேல்ஸ் ஆகிய இருநாட்டுக் குடிப்பெயர்களையும் ஆராய்ந்து பதிவுத்துறைத் தலைவர் 1853-ஆம் ஆண்டிற்கென வெளியிட்ட அறிக்கையில், ஸ்மித் என்பார் ஏறத்தாழ 2½ இலட்சம் பேரென மதிப்பிடப்பெற்று முதலிடம் பெற்றனர்.

இச்சிறப்பு இங்கிலாந்திற்கு மட்டும் உரியதன்று. ஜெர்மானியர் ஷ்மிட் என்பதும், பிரஞ்சுக்காரர் லெபெவர் என்பதும், இத்தாலியர் பெராரி என்பதும், ஹங்கேரியர் கோவாச் என்பதும், ருஷியர் குஸ்நெட்சோவ் என்பதும், அரபியர் ஹத்தாத் என்பதும் இரும்புத் தொழிலினின்று பிறந்த குடிப்பெயர்களே. மொழி பல, சமயம் பல, அரசு பல. ஆயினும் கொல்லனின்றி ஊர் இல்லை என்பதில் அனைவரும் ஒருமித்தனர் போலும்.

நிற்க. தொடக்கத்தில் இப்பெயர் ஒருவன் செய்த தொழிலைச் சுட்டியதேயன்றி, அவன் குடியைச் சுட்டியதன்று. கொல்லன் ஜானுடைய மகன் தச்சனிடம் தொழில் பயின்றால், அவன் தச்சன் வில்லியம் என்றே அழைக்கப்பட்டான். இலத்தீனில் எழுதிய அரசாங்கக் கணக்கரோ ஸ்மித் என்னாது, அதே பொருளுடைய 'பேபர்' என்னும் சொல்லையே ஏட்டில் வரைந்தனர். பெயர் என்று கருதியிருப்பின் மொழிபெயர்த்திரார். தொழிற்குறிப்பென்று கொண்டமையாலேயே மொழிபெயர்த்தனர்.

நாளடைவில் இந்நிலை மாறிற்று. நிலத்தின் உரிமையை மகனுக்கு நாட்டவேண்டிய பெருங்குடியினர் முதலிலும், மற்றையோர் பின்னுமாக, தந்தையின் அடையாளத்தையே மகனும் தாங்கலாயினர். தென்னாட்டில் முந்தியும் வடநாட்டிற் பிந்தியும் இவ்வழக்கம் பரவிற்று. 1377, 1379, 1381 ஆகிய ஆண்டுகளில் விதிக்கப்பெற்ற தலைவரிக்கு எழுதப்பெற்ற ஏடுகளில் எளிய மக்களின் பெயரும் இடம்பெற்றன. ஒருவனை வரி தண்டுவோர் மீண்டும் கண்டுபிடித்தற்கு நிலையான பெயர் வேண்டுமன்றோ? அக்காலத்தவரான கவிஞர் சாசர் பெருமானின் பெயரையே எடுத்துக்கொள்வோம். அது பிரஞ்சுச் சொல்லினின்று வந்து, காலணி செய்வோனைக் குறிப்பது. அவர்தம் தந்தையாரோ இலண்டனில் திராட்சமது வணிகர்; கவிஞரோ அரசாங்க அலுவலர். செருப்புத் தொழில் என்றோ நீங்கிவிட்டது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

அத்தலைவரியின் கொடுமை தாளாது 1381-ஆம் ஆண்டில் கெண்டு, எசெக்ஸ் நாட்டுக் குடியானவர் கிளர்ந்தெழுந்தபோது அவர்க்குத் தலைவராய் நின்றவர் வாட் டைலர். கூரைக்கு ஓடு வேய்பவன் என்பது அப்பெயரின் பொருள். மன்னர் இரண்டாம் ரிச்சர்டு முன்னிலையில் அவர் வெட்டுண்டு வீழ்ந்த இடம் இலண்டனிலுள்ள ஸ்மித்பீல்டு. இதனைக் 'கொல்லன் வயல்' எனப் பொருள்கொள்ள யாரும் விரும்புவர். ஆயின் அது மேடுபள்ளமற்ற சமவெளி என்று பொருள்படும் பழஞ்சொல்லின் திரிபே. பன்னிரண்டாம் நூற்றாண்டில் இலண்டன் நகரை வருணித்த பிட்ஸ்டீபன் என்பார், பெயராலும் உண்மையாலும் அது சமவெளியே என்று குறித்துச் சென்றுள்ளார். கண்ணிற் கண்டவுடன் பெயருக்குப் பொருளுரைப்போர் இதனை நினைவிற் கொள்வாராக.

குடிப்பெயரைப் பதிவேட்டிற் பிணித்துவைத்தவர் எட்டாம் ஹென்றி மன்னரின் அமைச்சராயிருந்த தாமஸ் கிராம்வெல். திருச்சபை ஒவ்வொன்றிலும் ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் ஆகியவற்றைக் குருவானவர் ஓர் ஏட்டில் எழுதிவரவேண்டுமென்று 1538-ஆம் ஆண்டில் அவர் ஆணை பிறப்பித்தார். அவ்வாணையாலேயே ஆங்கில நாட்டு ஏழை எளியவரின் பெயர்களும் இன்றுவரை நமக்குக் கிடைத்துள்ளன. பிறர் பெயர்களை நிலைநிறுத்திய இப்பெரியாருடைய தந்தையாரின் பெயர் நிலையாய் இருந்ததோவெனில், இல்லை! பட்னி என்னும் ஊரில் மதுக்காய்ச்சியும், கம்பளித் துணியைப் பதப்படுத்தியும், கொல்லுத் தொழில் செய்தும் வாழ்ந்த அவர், ஊர்மன்றத்து ஏடுகளில் ஒருகால் வால்டர் கிராம்வெல் எனவும், ஒருகால் வால்டர் ஸ்மித் எனவும் காணப்படுகின்றார். ஏடெழுதியவரின் கை வேறொரு பக்கம் சாய்ந்திருப்பின், அமைச்சர் தாமஸ் ஸ்மித் என்று யாம் இன்று படித்துக்கொண்டிருப்போம்.

இக்கதை அத்துடன் முடியவில்லை. அமைச்சரின் சகோதரியார் வேல்ஸ் நாட்டைச் சேர்ந்த மார்கன் வில்லியம்ஸ் என்பாரை மணந்தனர். அவர்தம் மகன் ரிச்சர்டு வில்லியம்ஸ், அரசவையில் ஓங்கி நின்ற தம் மாமனார் பெயரே தமக்கு ஆக்கந் தரும் என்று கருதி, ரிச்சர்டு கிராம்வெல் ஆயினார். அந்த ரிச்சர்டுடைய பெயரனின் மகனே, முதலாம் சார்லஸ் மன்னரை வீழ்த்தி, 1653 முதல் 1658 வரை இங்கிலாந்தின் காவலராய் ஆண்ட ஆலிவர் கிராம்வெல். தந்தைவழி நோக்கின் அவர் வேல்ஸ் நாட்டு வில்லியம்ஸ். பெயர்வழி நோக்கின் கிராம்வெல். அப்பெயருடைய பட்னி மனிதரோ ஸ்மித் எனவும் அழைக்கப்பட்டவர். அரசரையே நடுங்கச் செய்த ஒரு பெயரின் வேர் இத்தன்மைத்தாயின், மற்றைப் பெயர்களைப் பற்றிக் கூறவும் வேண்டுமோ?

பெயரால் உயர முயன்றார் ஒருவரையும், அவர் துறந்த பெயரால் உயர்ந்தார் ஒருவரையும் ஒருங்கே காட்டும் வரலாறு மற்றொன்றுண்டு. யார்க்ஷயர் நாட்டைச் சேர்ந்த ஸர் ஹியூ ஸ்மித்சன் என்பார் நார்தம்பர்லாந்துப் பெருங்குடியின் வழித்தோன்றலாகிய எலிசபெத்து அம்மையாரை மணந்தார். ஸ்மித்சன் என்றால் கொல்லன் மகன் என்பது பொருள். அவர் 1750-ஆம் ஆண்டில் அதனை விடுத்து, நார்மானியப் படையெடுப்புக் காலந்தொட்டுப் புகழ்பெற்ற பெர்சி என்னும் குடிப்பெயரைப் பாராளுமன்றச் சட்டத்தின் வாயிலாகப் பூண்டனர். 1766-இல் நார்தம்பர்லாந்துக் கோமகனாகவும் உயர்ந்தனர். அவர்க்கு மணவுறவின்றிப் பிறந்த மகன் ஒருவர் இருந்தார். தாயின் பெயரால் மேசி என்று வளர்ந்த அம்மகனார், தாயார் 1800-ஆம் ஆண்டில் மறைந்தபின், தந்தை களைந்தெறிந்த ஸ்மித்சன் என்னும் பெயரையே தமதாக்கிக்கொண்டார். அவரே இரசாயன நூல் வல்லுநராகிய ஜேம்ஸ் ஸ்மித்சன். 1829-ஆம் ஆண்டில் மகப்பேறின்றி இறந்த அவர், தம் உறவினன் வாரிசின்றி இறப்பின், அறிவைப் பெருக்கவும் பரப்பவும் ஓர் நிலையம் நிறுவுதற்கெனத் தம் செல்வம் முழுவதும் அமெரிக்க ஐக்கிய நாட்டைச் சேர்க என்று மரணசாசனம் எழுதி வைத்தார். அவரோ அந்நாட்டைக் கண்ணாலும் கண்டவரல்லர். உறவினனும் வாரிசின்றி மடியவே, 1846-இல் வாஷிங்டன் நகரில் ஸ்மித்சோனியன் நிலையம் தோன்றிற்று. துத்தநாகக் கனியொன்றும் அவர் பெயரால் ஸ்மித்சோனைட்டு என வழங்குகின்றது. தந்தை விரும்பி ஏற்ற பெர்சி என்னும் பெயர் ஒரு மாளிகையை அலங்கரித்தது. அவர் வேண்டாவென்று விட்ட கொல்லன் மகன் என்னும் பெயரை உலகமெங்கும் கற்றோர் நாவில் ஏற்றியவர், அவர் தம் பெயரைக் கொடாது விட்ட மகன்.

ஸ்மித் என்பதை ஸ்மைத் என்று ஒலிக்குமாறு எழுத்தை மாற்றியும், இறுதியில் ஓர் எழுத்தைக் கூட்டியும் எழுதுவோர் தம்மை வேறு குடியினராக எண்ணிக்கொள்வதுண்டு. இடைக்காலத்து எழுத்தர் ஒரே பக்கத்தில் ஒரே மனிதரின் பெயரை இருவகையாக எழுதத் தயங்கியவரல்லர். அவர்தம் எழுதுகோல் மனம்போனவாறு வளைந்ததன் பயனைப் பிற்காலத்தார் குலப்பெருமையாகக் கொண்டனர் என்பதே உண்மை.

ஸ்மித் என்பார் அனைவரும் ஆங்கிலக் கொல்லர் வழிவந்தோர் என்று கொள்வதற்கும் இடமில்லை. 1465-ஆம் ஆண்டில் நான்காம் எட்வர்டு மன்னர் காலத்துச் சட்டமொன்று, அயர்லாந்தில் ஆங்கிலேயர் ஆட்சிக்குட்பட்ட பகுதியில் வாழ்ந்த ஐரிஷ் மக்கள் தத்தம் பெயரை விடுத்து, ஓர் ஊரையோ, நிறத்தையோ, தொழிலையோ, பதவியையோ குறிக்கும் ஆங்கிலப் பெயரைப் பூணவேண்டும் என்று கட்டளையிட்டது. தொழிற்பெயருக்கு அச்சட்டமே காட்டிய எடுத்துக்காட்டுகளுள் ஸ்மித் ஒன்று. கொல்லன் மகன் என்னும் பொருளுடைய மக்கவன் என்ற ஐரிஷ் குடிப்பெயரும் காலப்போக்கிற் பலரிடத்து ஸ்மித் என மொழிபெயர்ந்தது. அமெரிக்காவிற் குடியேறிய ஜெர்மானிய ஷ்மிட்டுகள் பலர், முதல் உலகப்போர்க் காலத்துப் பகைமைக்கு அஞ்சியும் அதற்கு முன்னரும், ஸ்மித் ஆயினர். 1865-இல் அடிமைத்தளை நீங்கிய கறுப்பின மக்களுள்ளும் அப்பெயரைத் தாங்கினோர் மிகப் பலர்; அவருட் சிலர்க்கு அது முன்னை எசமானனின் பெயர்; சிலர்க்குத் தாமே தேர்ந்துகொண்ட பெயர். 2010-ஆம் ஆண்டு மக்கட்கணக்கின்படி அமெரிக்க ஐக்கிய நாட்டில் ஸ்மித் என்பார் 24 இலட்சத்திற்கு மேற்பட்டோர். வற்புறுத்தப்பட்டோரும், அஞ்சினோரும், விலைக்கு விற்கப்பட்டோரும், விடுதலை பெற்றோரும் அப்பெருந்தொகையுள் அடங்குவர்.

அறிவியலும் இதற்குச் சான்று பகர்கின்றது. தந்தையிடமிருந்து மகனுக்கே செல்லும் ஒய் குரோமோசோமைக் கொண்டு, 40 குடிப்பெயர்களையுடைய 1,678 ஆடவரை ஆராய்ந்து லெஸ்டர் பல்கலைக்கழகத்தார் 2009-ஆம் ஆண்டில் தம் முடிவை வெளியிட்டனர். அருகி வழங்கும் பெயருடையோர் பலரிடத்து ஒரே முன்னோனின் அடையாளம் காணப்பட்டது. ஸ்மித் என்பாரிடத்தோ, வழியிற் சந்திக்கும் இருவரிடையே உள்ள ஒற்றுமைக்கு மேல் ஒன்றும் காணப்படவில்லை. ஒரே பெயர், ஓராயிரம் உலைக்களங்கள்.

பெயர் சொல்லாது மறைக்கும் வரலாறும் உண்டு. அது பெண்டிர் வரலாறு. பழைய ஆங்கிலத்தில் தொழில் செய்யும் பெண்ணைக் குறித்த விகுதியொன்று பேக்ஸ்டர், வெப்ஸ்டர், புரூஸ்டர் என்னும் குடிப்பெயர்களில் இன்றும் எஞ்சி நிற்கின்றது. அப்பம் சுடுபவள், நெய்பவள், மதுக்காய்ச்சுபவள் என்பன அவற்றின் முதற்பொருள். பின்னர் அச்சொற்கள் ஆடவர்க்கும் வழங்கின, குடிப்பெயரும் ஆயின. இம்மூன்று பெயர்களை ஒழித்தால், அடுப்பின்முன்னும் தறியின்முன்னும் உழைத்த எண்ணிறந்த மகளிர்க்கு ஆங்கிலக் குடிப்பெயர்களில் இடம் மிகச் சிறிதே. மணந்த அன்றே தந்தை பெயரை இழந்து கணவன் பெயரை ஏற்பது அவர்க்கு வழக்கமாயிற்று. ஆகவே, ஒரு குடிப்பெயரை முந்நூறு ஆண்டு மேல்நோக்கிச் செலுத்தி, "இவரே எம் முன்னோர்" என்று கூறுவார், தம்மை ஈன்ற அன்னையர் அனைவரையும் விடுத்தே அக்கணக்கைக் கூட்டுகின்றார் என்பதை உணர்வாராக.

ஈண்டுச் சிலர் எம்மை நோக்கி, "முன்னோர் பெயரைத் தாங்குதலில் ஒரு நன்மையும் இல்லையோ? குடிப்பெயர்க்கு இழுக்கு வாராது நடத்தல் வேண்டும் என்னும் எண்ணம் ஒருவனை நல்வழியில் நிறுத்துமன்றோ?" என வினவக்கூடும். நிறுத்தும் என்பதை யாம் மறுத்திலேம். தந்தை நேர்மையாய் ஈட்டிய நற்பெயரை மகன் காத்தல் அறமே. ஆயினும் தன் பெயரைக் காத்தல் வேறு. பிறர் பெயரைக் கேட்டு அவரை எடைபோடல் வேறு. முன்னது தன்னை ஒழுங்குசெய்வது. பின்னது பிறர்க்குத் தீங்கு செய்வது. அத்தீங்கு எத்தன்மைத்தென்பதற்கு ஸ்மித் ஒருவரின் வாழ்வே போதும்.

1769-ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டுஷயர் நாட்டுச் சர்ச்சில் என்னும் சிற்றூரில், பெயராலும் தொழிலாலும் ஸ்மித்தாகிய ஒரு கொல்லரின் மகனாய் வில்லியம் ஸ்மித் பிறந்தார். எட்டாம் வயதில் தந்தையை இழந்தார். கல்லூரி வாயிலை மிதியாத அவர், நிலமளப்பவராய் நிலக்கரிச் சுரங்கங்களிலும் கால்வாய் வெட்டும் இடங்களிலும் உழைக்குங்கால், பாறையடுக்குகள் ஓர் ஒழுங்கில் அமைந்திருத்தலையும், ஒவ்வோர் அடுக்கிற்கும் உரிய உயிரெச்சங்கள் இன்னவென்பதையும் கண்டறிந்தார். நாடு முழுவதும் அலைந்து திரிந்து, 1815-ஆம் ஆண்டில் இங்கிலாந்து, வேல்ஸ் நாடுகளின் பெரிய நிலநூற் படத்தைத் தனியொருவராய் வெளியிட்டார். இலண்டன் நிலநூற் கழகத்துச் செல்வச் சீமான்கள் அக்கொல்லன் மகனைத் தம் அவையில் ஒருவராகச் சேர்த்துக்கொள்ளவில்லை. அவர்கள் வெளியிட்ட மற்றொரு படம் அவர் படத்தின் விலையைக் கெடுத்தது. 1819-இல் கடனுக்காக அவர் சிறை புகுந்தார். பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்த பின்னரே, 1831-இல், அதே கழகம் தன் உயர்ந்த பரிசாகிய வொல்லாஸ்டன் பதக்கத்தை முதன்முதலில் அவர்க்கு வழங்கிற்று. அந்நாள் தலைவர் செட்ஜ்விக் அவரை ஆங்கில நிலநூலின் தந்தையென்று போற்றினார். போற்றியது நன்றே. ஆயின் சிறையிற் கழிந்த நாட்களையும், வறுமையிற் கழிந்த ஆண்டுகளையும் பதக்கம் மீட்டுத் தருமோ?

இவரோடு ஒப்பவைத்து நோக்கத்தக்கவர் மின்சார நூலின் பேராசான் மைக்கேல் பாரடே. அவர் தந்தையாரும் கொல்லரே. பெயரில் மட்டும் கொல்லன் இல்லை. மறுபுறம், ஆடம் ஸ்மித்தின் பெயரிற் கொல்லன் உண்டு; அவர் தந்தையாரோ ஸ்காத்லாந்தின் கர்க்கால்டி என்னும் துறைமுகத்துச் சுங்க அலுவலர். உலைக்களத்துக் கரி படிந்த வீட்டினின்று வந்தவர் யார், வாராதவர் யார் என்பதைப் பெயர் எமக்குக் காட்டவில்லை. எனினும் ஆடம் ஸ்மித் தம் குடிப்பெயருக்குரிய தொழிலை மறந்தாரல்லர். 1776-இல் வெளியான அவர்தம் பெருநூலின் முதல் அதிகாரத்தில், ஆணி செய்து பழகாத கொல்லன் ஒருவன் நாளொன்றுக்கு 200 அல்லது 300 ஆணிக்கு மேல் செய்யான் எனவும், அத்தொழில் ஒன்றையே பயின்ற இருபது வயதிற்குட்பட்ட இளைஞரோ 2,300-க்கு மேற் செய்வர் எனவும் கணக்கிட்டு, தொழிற்பகுப்பின் பயனை விளக்குகின்றார். அவ்விளைஞரின் பெயர்கள் அந்நூலில் இல்லை. நாட்டின் செல்வம் யார் கையால் வளர்கின்றது என்பது மட்டும் அங்கே தெளிவாயிருக்கின்றது.

எனவே எம் துணிபு இது. ஸ்மித் என்னும் பெயரில் நாணத்தக்கது யாதுமில்லை. அது மன்னன் அளித்த பட்டமன்று. வாளால் வென்ற நிலத்தின் பெயருமன்று. உடன்வாழ்ந்த உழவர் தமக்குப் பயன்பட்ட ஒருவனைத் தம் வாயால் அழைத்த பெயர். அங்ஙனம் பெற்ற பெயரினும் உயர்ந்ததை எக்கோமகனும் பெற்றதில்லை என்போம். அதே வேளையில், அப்பெயரைத் தாங்கும் ஒருவர் அதன் பெருமைக்குத் தாமே உரியவரென்று செருக்குதற்கும் இடமில்லை; சம்மட்டி பிடித்தவர் வேறு, பெயரைப் பிடித்தவர் வேறு. புகழும் இகழும் செயலுக்கே உரியன. பெயருக்கு உரியன அல்ல.

புதியவர் ஒருவரைக் கண்டவுடன் அவர் பெயரைக் கேட்பதும், கேட்ட அளவிலே அவர் இன்ன குடியினர், இன்ன தரத்தினர் என்று மனத்துள் முடிவுகட்டுவதும் எந்நாட்டிலும் மக்கட்கு எளிதில் நீங்காத பழக்கம். இளைஞரே, அம்முடிவு உங்கள் உள்ளத்தில் எழும்போதெல்லாம் பட்னி ஊர்மன்றத்து ஏட்டில் இரு பெயரோடு நிற்கும் அக்கொல்லரையும், பதக்கத்திற்கு முன் சிறையைக் கண்ட சர்ச்சில் ஊர்க் கொல்லர் மகனையும் ஒருகால் நினைமின். பின்னர் வந்தவரை நோக்கி அவர் பெயர் யாதென்பதோடு அமையாது, அவர் செய்யும் வேலை யாதென்றும், அதனை எத்துணைச் செம்மையாய்ச் செய்கின்றார் என்றும் வினவுமின். முற்காலத்து ஆங்கிலச் சிற்றூரார் தம் கொல்லனைப்பற்றி அறிய விரும்பியதும் அவ்வளவே.